குர்பான் இறைச்சியும் பாசிப் போத்தல்களும்

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அடுத்த நாள் காலையில் றாஸிக் பிரிஜைத் திறந்தான். அவனுடைய பாசிப் போத்தல்கள் நின்ற கீழ்த்தட்டில் பெருநாளைக்கு அறுத்த குர்பான் இறைச்சிப் பொட்டலங்கள் கால் நீட்டிப் படுத்திருந்தன. போத்தல்கள் மேலே, ஐஸ் பெட்டிக்குள், கல்லாக உறைந்து கிடந்தன. இறைச்சி வாடை படாமலிருக்க ஒவ்வொன்றும் பொலித்தீனில் சுற்றி இறுக்கி முடியப்பட்டிருந்தது. முடிச்சைப் பார்த்ததுமே மாமியின் கை என்று தெரிந்தது.

ஒலுவில் பக்கம் ஒரு சிறிய இறால் குஞ்சுப் பண்ணையில் அவனுக்கு வேலை. பொரித்த குஞ்சுக்கு முதல் தீன் அந்தப் பாசிதான். கூழாக்கிக் குளிரில் வைத்தால் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பண்ணையின் பிரிஜை உப்புக்காற்று தின்றுவிட்டதால், தன் வீட்டில் வைப்பதாக முதலாளியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தான். வீடு மனைவி ஷாஹினாவின் சீதனம், பிரிஜும் சீதனம். அவனுடையதென்று அங்கே அந்த நெஞ்சு மட்டும்தான் இருந்தது.

"உம்மா நல்லதுக்குத்தான் செஞ்சா," என்றாள் ஷாஹினா. "இறைச்சியக் கீழ இறக்கிட்டு உங்கட போத்தலுக்கு இடம் குடுத்திரிக்கா. இறைச்சி ஐஸில மாசக்கணக்காக் கெடாமக் கிடக்குதே மச்சான், இதுக்கென்ன?"

"இறைச்சி செத்தது. இது உசிரோட இரிக்கணும். உறைஞ்சா வெடிச்சிரும், சத்தெல்லாம் தண்ணில கரைஞ்சி போயிரும். குஞ்சு தண்ணியையா குடிக்கும்? மணி மணியாப் பிடிச்சித்தான் திங்கும்."

கதவுத் திரை அசைந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து மாமி அவனோடு கதைப்பது திரைக்குப் பின்னால் நின்றுதான்.

"பிழை செஞ்சிட்டனா மருமகன்?"

ஏசுவதற்கும் தெம்பு வேண்டும். ஒன்றுமில்லை மாமி, இளகினால் சரி என்று சொல்லிவிட்டு, போத்தல்களைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

பண்ணையில் வளரவிட்டிருந்த புதுப்பாசி இன்னும் முற்றாமல் வெளிறிப்போய்க் கிடந்தது. வேறு வழியில்லாமல் இளகியதையே தொட்டியில் ஊற்றினான். என்றுமில்லாத பச்சை. முதலாளி நளீம் ஹாஜியார் எட்டிப் பார்த்து மனம் குளிர்ந்துபோனார். இப்படித்தான் இருக்கவேண்டும், மற்றப் பண்ணையில் பாசி கேட்கும் வெட்கக்கேடு நமக்கில்லை என்று சொல்லிக்கொண்டே வெளியே நடந்தார்.

போன் அடித்தது.

"உம்மா காலச்சாப்பாடும் தின்னல்ல," என்றாள் ஷாஹினா. "குஞ்செல்லாம் திண்டிட்டுதா எண்டு கேக்கா."

றாஸிக் கண்ணாடிக் குவளையில் தொட்டித் தண்ணீரை மொண்டு வெளிச்சத்துக்குப் பிடித்தான்.

"திங்கிதுகள். மாமியையும் தின்னச் சொல்லு."

போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். ஹாஜியார் வேனின் கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

"ஹாஜியார், கொஞ்சம் நில்லுங்க."

அவர் திரும்பி வரும்வரை குவளையை இறக்கவில்லை. பச்சைத் தண்ணீருக்குள் குஞ்சுகள் ஓயாமல் கால் அடித்துக்கொண்டிருந்தன. தின்றிருந்தால் தெரியவேண்டிய அந்த ஒரு நூல் பச்சை ஒன்றின் வயிற்றிலும் இல்லை. வெயில் எல்லாவற்றையும் ஊடுருவி அவன் மணிக்கட்டில் விழுந்தது.