விட்டுப்போன வாஷர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு பட்டறை மேசைத் துணியை உதறும்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சிவப்பு வாஷர். துணி மடிப்பிலிருந்து விழுந்து, உருண்டு, அவள் செருப்பில் முட்டி நின்றது.

அந்த வட்டாரத்தில் அவளைக் கார்புரேட்டர்க்காரி என்றுதான் சொல்வார்கள். மற்ற மெக்கானிக்குகள் கையை விரித்ததெல்லாம் அவளிடம் வரும். பல் டாக்டரின் பச்சை ஸ்போர்ட்ஸ் காரும் அப்படித்தான் வந்தது. அறுபது வயது வண்டி. யாரோ அதில் வேறு எதையோ மாட்டி ஓட்டியிருந்தார்கள். வண்டியோடு பிறந்த கார்புரேட்டர் டிக்கியில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அழுக்கேறிக் கிடந்தது. இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினாள். தேய்ந்துபோன தண்டுக்குப் பதிலாகப் புதிதாகக் கடைந்து போட்டாள். அடைத்துக்கொண்ட துளைகளை மயிரிழைக் கம்பியால் ஒவ்வொன்றாகத் திறந்தாள். அன்று காலை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் முதல் சொடுக்கிலேயே பிடித்துக்கொண்டது.

"உங்க கைக்கு மோதிரம் போடணும்மா!" என்றார் டாக்டர். எட்டு வயது மகளை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் நடக்கும் பழைய கார் கண்காட்சிக்குக் கிளம்பினார். "போனைக்கூட வீட்டுல வெச்சிட்டேன். இன்னைக்கு இந்தச் சத்தம் மட்டும் போதும்."

அவர் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

பெட்ரோல் குழாய் கார்புரேட்டரோடு சேரும் இடத்தில் கசியாமலிருக்க, போல்ட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு வாஷர் வேண்டும். கழிவு டப்பாவைக் கவிழ்த்தாள். கழற்றிப் போட்ட பழைய வாஷர் இரண்டும் அதில் இருந்தன. அப்படியானால் இது புதியது; ஒரு பக்கம் வாஷர் இல்லாமல் மொட்டையாகப் போயிருக்கிறது. காலையில் மாட்டிக்கொண்டிருந்தபோது நடுவில் கூரியர்காரன் கூப்பிட்டான். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து போல்ட்டை முறுக்கினாள். அவ்வளவுதான் நடந்தது. ஆறிய இன்ஜினில் முறுக்கிய முறுக்கே தாங்கும். சூடேறிக் குலுங்கினால் சொட்டும். சொட்டுகிற இடத்துக்கு நேர் கீழே கொதிக்கிற புகைக்குழாய்.

வாஷரைக் குர்த்தாப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அண்ணி! ஸ்கூட்டரை எடுங்க!"

பக்கத்து அறையில் துணி தைத்துக்கொண்டிருந்த நாத்தனார் கத்தரிக்கோலோடு வந்தாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"அந்தக் குழந்தை முன் சீட்டுல இருக்கு அண்ணி."

மலையடிவாரப் பெட்ரோல் பங்கில் கேட்டார்கள். பச்சை வண்டி பெட்ரோல் போட்டுக்கொண்டு போய்க் கால் மணி நேரமாயிற்றாம். முதல் ஏற்றத்திலேயே ஸ்கூட்டர் முக்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த நாத்தனார் அவளாகவே குதித்து இறங்கினாள். "நான் ஒருத்தியே ஒரு மூட்டை. ரெண்டு பேரையும் இது இழுக்காது. நீ போ!"

ஒவ்வொரு வளைவிலும் புகை தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்துவிடுமோ என்று பயந்து பார்க்காமலும் இருந்தாள். கடவுளே, டாக்டர் வண்டி மக்கர் பண்ணட்டும், டயர் வெடிக்கட்டும் என்று அவள் வேண்டியது அன்றைக்குத்தான்.

ஆறாவது வளைவில் பச்சை வண்டி நின்றிருந்தது. குழந்தைக்கு வளைவு ஒத்துக்கொள்ளவில்லை; நின்று நின்றுதான் வந்திருக்கிறார்கள். ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தாள், அப்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"அட, நீங்களா! அணைக்க மனசே வரலம்மா, கேளுங்களேன்..."

அவள் பாய்ந்து சாவியைத் திருகிப் பிடுங்கினாள். "குழந்தையைத் தூக்குங்க! தூரப் போங்க!"

பெட்ரோல் நெடி மூக்கைத் துளைத்தது. பானெட்டின் இடுக்கில் நீலமாக எதுவோ நக்கியது. துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு பானெட்டைத் தூக்கினாள். குப்பென்று தீ எழும்பியது. சாலையோர மணலை இரு கையாலும் வாரி வாரி எறிந்தாள். குழந்தையைத் தள்ளி உட்கார வைத்துவிட்டு அவரும் ஓடிவந்து அள்ளினார். தீ அடங்கியபோது, அவள் கண்ணாடிபோலத் தேய்த்து வைத்திருந்த கார்புரேட்டர் கரிப்பிடித்து, வாய் நிறைய மணலோடு இருந்தது.

டாக்டருக்கு மூச்சு வாங்கியது. "தெய்வம் மாதிரி வந்தீங்க. நீங்க வரலைன்னா... எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

பழைய குழாய், வெடித்திருக்கும் என்று சொன்னால் முடிந்தது. மணலும் கரியும் எல்லாவற்றையும் மூடியிருந்தன. அந்த மனிதர் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வந்தார். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. பையிலிருந்து வாஷரை எடுத்து, விரல்களைப் பிரித்துக் காட்டினாள்.

"இது உள்ளே இருக்கணும் சார். நான் போட மறந்துட்டேன்."

அவர் வாஷரைப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார்.

"என் பொண்ணை முன் சீட்டுல உட்கார வெச்சிருந்தேன்," என்றார்.

"தெரியும் சார்."

"முன் சீட்டுல," என்றார் மறுபடியும். அவள் திட்டுக்குக் காத்திருந்தாள். "நீங்க போங்கம்மா" என்றுவிட்டுக் குழந்தையிடம் நடந்தார்.

காய்கறி லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு நாத்தனார் வந்து இறங்கினாள். கரிந்த வண்டியையும் இருவர் முகத்தையும் பார்த்தாள். குழந்தையையும் அப்பாவையும் அதே லாரியில் ஏற்றிவிட்டாள். இறங்கும் வழியில்தான் கேட்டாள்:

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"ம்." அடிவாரம் வரும்வரை பின்னாலிருந்து அவள் இடுப்பை இறுகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் அவள் ஸ்பேனரைத் தொடவில்லை. வந்தவர்களை வேறு கடைக்கு அனுப்பினாள். தட்டில் போட்ட சோறு அப்படியே ஆறியது. கண்ணை மூடினால் முன் சீட்டுதான்.

பதினோராம் நாள் பழக்கமில்லாத குரல் ஒன்று போனில் வந்தது. "பல் டாக்டர் வண்டி எங்க ஷெட்டுல இருக்கு. கார்புரேட்டரைக் கழுவிட்டேன், பிழைச்சுக்கும். அந்தத் தண்டு என்ன அளவுல கடைஞ்சீங்க? டாக்டர் உங்ககிட்ட கேக்க வேணாம்னாரு. எனக்கு வேற வழி தெரியல."

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எல்லாம் சொன்னாள். தண்டின் அளவு, ஊசியின் உயரம், எந்தத் துளை அடிக்கடி அடைக்கும் என்பது வரை. அவன் எழுதிக்கொண்டான்.

"பாப்பா எப்படியிருக்கா?" என்று கேட்டாள்.

"எந்தப் பாப்பா?" என்றான் அவன். "வண்டி தீப்பிடிச்சுதுன்னு மட்டும்தான் டாக்டர் சொன்னாரு."