கீழ்வீட்டுக் கூடத்து இரும்புத் தூண்

மாத்திரை கிடைக்காத நாட்களில் தராசுக்காரரின் எடை கூடியது. உடம்பு பெருக்கவில்லை. அதே சட்டை, பெல்ட்டில் அதே ஓட்டை, கன்னம்கூட முன்னைவிட ஒட்டித்தான் இருந்தது. ஆனால் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஏறி நின்றால், முள் ஓர் ஆளுக்கு உண்டானதைத் தாண்டி ஒரு சிமெண்ட் மூட்டையையும் சேர்த்துக் காட்டியது. தராசு பழுது பார்ப்பதே அவர் தொழில் என்பதால் தராசின் மேல் பழி போட வழியில்லை. படிக்கற்களை அடுக்கிச் சரிபார்த்தார், முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார், மறுபடி ஏறினார். சிமெண்ட் மூட்டை இறங்கவில்லை.

பல வருஷங்களுக்கு முன்னால், காரணம் என்று கைகாட்ட ஒன்றுமில்லாத ஒரு மழைக்காலத்தில், அவர் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தார். மருத்துவர் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, விடாமல். அந்த மாத்திரை அவரைச் சிரிக்க வைத்தது என்று சொல்ல முடியாது. ஊரில் எல்லோரையும்போல அவரையும் சலித்துக்கொள்ள வைத்தது, அதுவே பெரிய காரியம். பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார், முகம் வழித்தார், தராசை ‘நம்ம பக்கம் கொஞ்சம் பாத்து வைங்க’ என்று கேட்ட வியாபாரிகளிடம் ‘உங்க கை ஏற்கெனவே பாத்துக்குதே, தராசு வேறயா?’ என்று கேட்டுச் சிரித்தார். பிறகு ஒருநாள் மாத்திரை வருவது நின்றது. மூலப்பொருள் கிடைக்கவில்லை என்றார்கள், கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது என்றார்கள். லாபம் போதவில்லை என்று கம்பெனிக்காரன் கையை உதறிவிட்டான் என்று பழைய இரும்புக்கடைக்காரர் சொன்னார். கடைத்தெரு நம்பியது இதைத்தான்.

மருந்துக் கடைக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் கல்லாவுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவர். ‘இல்லை’ என்ற சொல்லைக் கேட்ட வாடிக்கை எதிர்க்கடைக்குத்தான் போகும் என்று அவருடைய அப்பா காதைத் திருகிச் சொல்லிக் கொடுத்திருந்தார். அதனால் அவர் கடையில் எதுவும் எப்போதும் இல்லாமல் போனதில்லை. அலமாரி நிறைய வெற்று அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, எது கேட்டாலும் ‘வரும்’ என்பார். தெருவில் அதற்கு ‘வரும் கடை’ என்றே பெயராகிவிட்டது.

“வந்துடுச்சா?”

“வரும் சார்.”

“எப்ப?”

“வர்றப்ப வந்துடும் சார். எங்க போயிடப் போகுது?”

தராசுக்காரர் தலையாட்டிவிட்டுத் திரும்புவார். வழியில் ஆட்டோக்காரர்கள் அவரைக் கண்டால் மீட்டரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வார்கள். டயருக்கு யார் பதில் சொல்வது? அதே சீட்டோடு வந்த மற்றவர்களும் கடைவாசலில் நின்றதால் வாசற்கல் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. முகம் பார்க்காமலே, நடையின் சத்தத்தை வைத்து ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். தராசுக்காரரின் மனைவி மிச்சமிருந்த மாத்திரைகளை பிளேடால் பாதியாக நறுக்கினாள். பாதி மாத்திரைக்குப் பாதி மூட்டை குறைந்தது. கணக்கில் ஒன்றும் கோளாறு இல்லை, சரக்கில்தான். வெளியூர் மச்சான் தன் ஊர்க் கடைகளையெல்லாம் ஏறி இறங்கி ஓர் அட்டை அனுப்பினார், அது காலாவதியானது. பட்டறையில் ஸ்டூல் உடைந்தது. பழைய பேப்பர்காரர் மட்டும் அவரை மரியாதையாக அழைத்துப் போய்க் கட்டுகளின் மேல் உட்கார வைத்தார். மிஷின் செய்யாத வேலை அது, அவ்வளவு சப்பையாக அமுங்கியது. “சும்மாதானே உக்காந்திருக்கீங்க, இங்க வந்து உக்காருங்களேன்” என்று பேப்பர்காரர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. தராசுக்காரருக்கும் எங்காவது உட்கார வேண்டியிருந்தது.

சிக்கல் வீட்டில்தான். அவர்கள் மாடியில் குடியிருந்தார்கள். மனைவியின் வீட்டுக்காரர் மேலே, வீட்டுக்குச் சொந்தக்காரர் கீழே, இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு விரிசல். முதலில் தலைமுடி கனத்தில் இருந்தது, பிறகு கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஓடியது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த சொந்தக்காரரின் தட்டில் சுண்ணாம்புப் பொறுக்கு விழுந்தது. அவர் தட்டை வைத்துவிட்டு மாடிப்படி ஏறி வந்தார்.

“தம்பி, நான் குறையாச் சொல்லலை. ஆனா நீங்க விழுந்தா என் தலையிலதானே விழணும்? மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பாத்துக்கங்க.”

தரைத்தளத்தில் வீடு தேடினார்கள். ஏன் மாறுகிறீர்கள் என்று கேட்டார்கள், இவர்கள் உள்ளதைச் சொன்னார்கள், கதவைச் சாத்தினார்கள். மாசக் கடைசி நெருங்கியது. தராசுக்காரர் சுவரோரமாக மட்டும் நடந்தார், பிறகு நடப்பதையே விட்டார். மருந்துக் கடைக்குப் போவதற்கு மட்டும் எழுந்தார்.

அவர் மனைவி ஜவுளிக்கடையில் வளர்ந்தவள். முழம் போடும் கையைவிட்டுக் கண்ணை எடுக்காத பழக்கம் அவளுக்கு. மருந்துக் கடைக்குப் போகும்போது ஒருமுறை, திரும்பியதும் ஒருமுறை அவரைத் தராசில் ஏற்றினாள். திரும்பியபோது முள் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. மறுநாளும் அப்படியே.

“என்னங்க, கையை வீசிக்கிட்டுத்தானே வந்தீங்க? அப்புறம் எங்கேருந்து கூடுது?”

“ஒண்ணும் வாங்கலையே. வரும்னாரு, வந்துட்டேன்.”

அவள் படிக்கற்களை எடுத்து வைத்துப் பார்த்தாள். ஒரு ‘வரும்’ ஒரு படிக்கல் கனம் இருந்தது. மாத்திரை இல்லாததால் கூடியது ஒரு மூட்டை. அதற்கு மேல் கூடியதெல்லாம் கடைக்காரர் கட்டிக் கொடுத்து, இவர் நாள் தவறாமல் வீட்டுக்குச் சுமந்து வந்த சரக்கு.

அன்றைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், இறங்கிப்போன வாசற்கல்லில் நிறுத்தினாள்.

“அண்ணே, மாத்திரை இருக்கா?”

“வரும்மா.”

“வரட்டும். இன்னைக்கு இருக்கா, இல்லையா?”

“இருக்குன்னு நான் சொல்லலையே.”

“இல்லைன்னும் சொல்லலையே. சொல்லிடுங்க, போயிடறோம்.”

“எங்கப்பா காலத்துலேருந்து கல்லாவுக்கு இந்தப் பக்கம் அந்த வார்த்தை வந்ததில்லைம்மா. சொன்னா கடை படுத்துடும்.”

“எங்க வீடு படுத்துக்கிட்டிருக்கு அண்ணே. எது முதல்லன்னு பாத்துடலாம்.”

அப்போது தராசுக்காரரின் காலடியில் கல் டப்பென்று வெடித்தது. கடைக்காரர் கல்லைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். தொண்டையில் மீன்முள் சிக்கியவர்போல ரொம்ப நேரம் செருமினார்.

“இல்லைம்மா. எங்கயும் இல்லை. எப்ப வரும்னு எனக்கே தெரியாது. இதுக்குக் காத்துக்கிட்டு நிக்காதீங்க. டாக்டர்கிட்டயே போய் வேற என்ன பண்ணலாம்னு கேளுங்க.”

அலமாரியிலிருந்து வெற்றுப் பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் உதிர்ந்தன. தராசுக்காரர் கல்லிலிருந்து காலை எடுத்தார், கால் வந்தது. வீட்டுக்குப் போய் ஏறிப் பார்த்தபோது கூடியது ஒரு மூட்டை மட்டும்தான்.

அதன்பின் நடந்தவற்றில் சொல்லும்படி பெரிதாக ஒன்றுமில்லை. மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றினார். மெதுவாகத்தான் மாற்ற முடியும் என்றார். வாய் வறண்டது, கை நடுங்கியது, தூக்கம் வேளை கெட்ட வேளையில் வந்தது. வாரங்கள் போய் மூட்டை அரையானது, பிறகு காலானது. அந்த மாத்திரைக்கும் ஒரு வருஷம் தட்டுப்பாடு வந்தது, பழையது திரும்பி வந்தது, அதுவும் போனது. மருந்துக் கடை படுக்கவில்லை. ‘இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறாராமே என்று பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, கேட்டுக்கொண்டு, வந்ததற்கு இருமல் மருந்தாவது வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போனார்கள். எதிர்க்கடைக்காரர் அந்த வார்த்தையைக் கண்ணாடி முன் நின்று பழகிப் பார்த்ததாகக் கேள்வி.

இதற்கெல்லாம் முன்பே, காலி செய்யச் சொன்ன அந்த மாசக் கடைசிக்கு முந்தின நாள், தராசுக்காரரின் மனைவி கீழே போய்ச் சொந்தக்காரரிடமும் அதே கணக்கில் பேசினாள்.

“மாத்திரை இல்லாத நாள்ல எடை கூடும். எந்த நாள்னு சொல்ல முடியாது. முழுசாச் சரியாயிடும்னு பொய் சொல்ல வரலை. உங்க வீடு தாங்குமா, தாங்காதா?”

சொந்தக்காரரிடம் குடிவந்தவர்களில் அதுவரை யாரும் குறையை முன்னாலேயே சொன்னதில்லை. பழைய இரும்புக்கடைக்குப் போய், பேரம் பேசி ஒரு கனமான குழாயை வாங்கி வந்து, கூடத்தின் நடுவில், மேலே தராசுக்காரரின் கட்டில் கிடக்கும் இடத்துக்கு நேர் கீழே நிறுத்தினார்.

அந்தத் தூண் இன்னும் இருக்கிறது. அதில் ஒரு காலண்டர் தொங்குகிறது, ஆணியில் குடை மாட்டியிருக்கிறது. விருந்தாளிகள் கேட்டால், கட்டும்போதே வைத்தது என்று சொந்தக்காரர் சொல்லிவிடுவார். காலையில் சொந்தக்காரரின் மனைவி கூட்டிப் பெருக்கும்போது தூணில் கையை வைத்துப் பார்ப்பாள். சில நாட்களில் அது பாரம் ஏற்றிய லாரிபோல முனகும்.

“மேல இன்னைக்குக் கிடைக்கலை போலிருக்கு. டிவியைக் கொஞ்சம் குறைங்க.”

அவர் குறைப்பார். நாற்காலியைத் தூணிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டு பேப்பரை விரிப்பார்.