சிவந்த புழுக்கள்

மாமனாரின் கடலை வயலில் அவன் இறங்கியபோது கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. செத்துச் சிவந்த வேர்ப்புழு நாலைந்து கிடைத்தால் போதும்.

செடியின் வேரைத் தின்னும் அந்த வெள்ளைப் புழுவைக் கொல்கிற நூற்புழுவை, இதே வயலின் மண்ணிலிருந்துதான் அவன் மனைவி பிரித்தெடுத்தாள். கண்ணுக்குத் தெரியாத பொடிப் புழு. வேர்ப்புழுவுக்குள் நுழைந்து, இரண்டே நாளில் கொன்று, அதைச் செங்கல் நிறமாக்கி, உள்ளேயே லட்சக்கணக்கில் பெருகும்.

அவள் இறந்து நாலு மாதம். வீட்டு ஃப்ரிட்ஜில் ஈரப் பஞ்சில் அவள் வைத்திருந்த கடைசி நூற்புழுப் பொட்டலங்கள் சாகிற நிலையில் இருந்தன. பத்து நாளுக்கு முன் ஒரு சாயங்காலம், எல்லாவற்றையும் தண்ணீரில் பிழிந்து இந்த மண்ணில் ஊற்றினான். பிழைத்தால் இங்கேதான் பிழைக்கும்; செத்த புழு நாலு கிடைத்தால் அதிலிருந்து மறுபடி வளர்த்துவிடலாம்.

"ஊர்ல எல்லாரும் புழுவுக்கு மருந்து வைக்கிறாங்க. எங்க மாப்ள புழுவுக்குப் புழு வைக்கிறாரு," என்றார் அன்றைக்கு மாமனார். அவன் பதில் சொல்லவில்லை. மகள் போனபின் இருவருக்கும் பேச்சு அவ்வளவுதான்.

இன்று அவரே வரப்பிலிருந்து எழுந்து வந்தார்.

"வாங்க மாப்ள. நான் கிண்டலடிச்சத மனசுல வெச்சுக்காதீங்க. கொத்துன எடமெல்லாம் செவசெவன்னு செத்துக் கெடந்துச்சு."

"எங்க மாமா அதெல்லாம்?"

"நாலு ஆள விட்டு வரிசை வரிசையா பொறுக்கிட்டேன். ரெண்டு பக்கெட்டு. நேத்துத்தான் மண்ணெண்ண ஊத்திக் கொளுத்துனேன். ஒண்ணு விடல. நோவுல செத்தத மண்ணுல விட்டா நோவு பரவாதா?"

"பரவணும்னுதான் மாமா விட்டது. அதுக்குள்ளதான் அவ வளத்தது பூரா இருந்துச்சு."



"இத அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம்.

அவன் மண்வெட்டியை எடுத்தான். ஒன்றாவது தப்பியிருக்கும். வரிசையின் முதல் செடியிலிருந்து கொத்த ஆரம்பித்தான். வெயில் உச்சிக்கு ஏறியது. டப்பா காலியாகவே இருந்தது. பின்னால் செடிகள் வேரோடு சாய்ந்து கிடந்தன.

"போதும் மாப்ள. புழு தின்னாம விட்டுவெச்ச செடிய நீங்க புடுங்கிப் போட்டுடுவீங்க போல."

அவன் அடுத்த செடியின் அடியில் கொத்தினான். தடித்த வேர்ப்புழு ஒன்று வெளிச்சம் பட்டதும் சுருண்டது. வெள்ளை. உயிரோடு இருந்தது.