லாரிதான் போகுது

சட்டைக்குக் காலர் தைக்கும் அம்மாவும் டயர் கடையில் வேலை பார்க்கும் அப்பாவும் மகளுக்கு வைத்த செல்லப் பெயர் வாயாடி. நிலநடுக்கம் வந்து போன பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இருவருக்கும் நா எழவில்லை.

பத்தாவது படிக்கிற பெண், குளிக்கும்போது கதவைச் சாத்த மாட்டேன் என்றாள். அம்மா திரும்பி நின்று காவல் காக்க வேண்டும். படுக்கையிலும் செருப்பைக் கழற்றுவதில்லை. டம்ளரில் தண்ணீர் வைத்து, அது அசைகிறதா என்று பார்த்தபடியேதான் சாப்பாடு.

பெரிய நடுக்கம் ஓய்ந்தும் குட்டி நடுக்கங்கள் விட்டபாடில்லை. அப்போதுதான் அப்பா அந்த யோசனையைச் சொன்னார்.

"நம்ம வீடு மெயின் ரோட்டு மேலதானே இருக்கு? ஆடுச்சுன்னா லாரி போகுதுன்னு சொல்லிடுவோம். புள்ள எதுக்குப் பயந்து சாகணும்?"

"டயர் கடைக்காரனுக்கு லாரியை விட்டா வேற என்னடா தோணும்?" என்று தம்பியைக் கிண்டலடித்துவிட்டு, உடனிருந்த அத்தையும் கூட்டு சேர்ந்தாள்.

அதன்பின் பாத்திரம் கிணுகிணுத்தால் லாரி. ஜன்னல் நடுங்கினால் லாரி. "இல்லம்மா, ஆடுச்சு" என்பாள் மகள். "உன் மனசுதான் ஆடுது, பேசாம படி" என்பாள் அம்மா. மகள் டம்ளரைக் காட்டினால், "நான் நடந்தா ஊரே ஆடும், டம்ளர் ஆடாதா?" என்று அத்தை இடுப்பைத் தட்டிச் சிரிப்பாள்.

பெண் வாதாடுவதை விட்டாள். பிறகு பள்ளிக்கூடம் போவதையும் விட்டாள். முழுப் பரீட்சையாவது எழுதினால் வருஷம் தப்பும் என்று பள்ளிக்கூடத்தார் ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். பரீட்சை அறையோ இரண்டாவது மாடி.

கெஞ்சிக் கூத்தாடி அம்மா அவளைக் கூட்டி வந்தாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, பெண் ஒவ்வொரு படியாக ஏறினாள். கழுத்தெல்லாம் வியர்வை. படி திரும்புகிற இடத்தில் டீச்சர் நின்றிருந்தார். நல்ல மனுஷி.

"தைரியமா வாம்மா. நம்ம கட்டடம் இரும்பு! போன வெள்ளிக்கிழமை கூட என்ன ஆட்டம் ஆடுச்சு, துளி காரை பேந்துதா?"

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகள் மெதுவாகத் திரும்பினாள்.

"வெள்ளிக்கிழமை லாரின்னு சொன்னியே?"

"அது வந்து கண்ணு..."

"எல்லாரும் சேர்ந்து சொன்னீங்களே! எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நெனச்சேன்மா. வீடு ஆடுதா, நான் ஆடுறேனான்னு தெரியாம கட்டில் காலைப் புடிச்சிட்டுக் கெடந்தேன்."

"நீ பயப்படக் கூடாதுன்னுதான்டி..."

டீச்சர் கையைப் பிசைந்தார். "அம்மா, கதவைச் சாத்தப் போறாங்க. சீக்கிரம்."

அந்த நேரம் பார்த்து ஜன்னல் கண்ணாடி கடகடவென்று நடுங்கியது. அம்மா எட்டிப் பார்த்தாள். மதிலுக்கு வெளியே கம்பி ஏற்றிய லாரி ஒன்று முக்கி முனகிப் போய்க்கொண்டிருந்தது.

"லாரிடி! நெசமாவே லாரி! வந்து பாரு!"

மகள் எங்கே நின்றாள்? ஏறி வந்த பிள்ளைகளை இடித்துத் தள்ளிக்கொண்டு கீழே பாய்ந்துவிட்டாள். அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தபோது, எந்தச் சுவரும் எட்டாத மைதான நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன் கால்ல விழறேன் தாயே, வா. ஒரு வருஷம் போயிடும்."

"கிட்ட வராதே. இப்ப ஆடுச்சா, இல்லையா?"

"ஆடலடி. லாரிதான்."

"நீ அப்படித்தான் சொல்லுவே."

மேலே மணி அடித்தது. பரீட்சை அறைக் கதவைச் சாத்தினார்கள். அம்மா புழுதியிலேயே உட்கார்ந்தாள். மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம் என்று கையை நீட்டினாள். அவள் தொடவிடவில்லை.