இராகு காலத்துக்கு முன் கழற்றிய கம்பி

பழைய கம்பியைக் கழற்றியது சாருஜாவின் கை. கழற்றச் சொன்னது அருளம்பலத்தாரின் வாய். பாவத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று பிரித்துக்கொண்டிருக்க அன்றைக்கு ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையைத் தாண்டி, பலாலி வீதியோரத்து மாடிக் கட்டிடம் ஒன்றில் அந்த அலுவலகம் இருந்தது. கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றின் யாழ்ப்பாணக் கிளை. வடகரைப் பொடியன் ஒருவன் கப்பலில் ஏறினாலும் இறங்கினாலும் அந்தக் கட்டளையை இங்கேயுள்ள பச்சையெழுத்துத் திரையில்தான் அடிக்கவேண்டும். அது கொழும்புத் தலைமையகத்து மெயின்பிரேமுக்குப் போகும். மெயின்பிரேம் என்றால் அலுமாரி அளவில் ஒரு கிழட்டுக் கணினி. உலகம் தலைகீழாக மாறியும் அதை மாற்ற ஒருவருக்கும் துணிவு வரவில்லை. ஓடுகிறதில் கை வைத்து, நின்றுபோனால் யார் பதில் சொல்வது?

அந்தக் கிழட்டு இயந்திரத்துக்கு இன்டர்நெட் பாஷை தெரியாது. தனக்கென்று போட்ட தனிக் கம்பியில், தன்னுடைய பழைய பாஷையில் மட்டும் பேசும். அந்தக் கம்பியைத்தான் இப்போது மூடப் போகிறார்கள். இனி இரண்டு முனையிலும் ஒவ்வொரு ரவுட்டர். ஒன்று பழைய பேச்சைப் பொதிகட்டி இன்டர்நெட்டில் அனுப்பும், மற்றது பொதியை அவிழ்த்துக் கொடுக்கும். இங்கே அதைச் சரிக்கட்ட வந்தவள் சாருஜா. கொழும்பு முனையில் கஜானன்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு இராகு காலம்.

"பிள்ளை, நேரம் போகுது. நல்ல நேரத்துக்குள்ளை பழசைக் கழட்டிப் புதுசைக் கொழுவும்," என்றார் கிளை முகாமையாளர் அருளம்பலத்தார்.

"சேர், இன்னும் சோதிச்சு முடியேல்லை. பழசு ஒரு பக்கத்திலை கிடக்கட்டும். பின்னேரம் மாத்துவம்."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா இராகு காலம் தாண்டுமட்டும் இழுக்கச் சொல்லுறீரோ? நீர் படிச்சது படிப்பு. இது எங்கடை ஓபிஸ்."

சாருஜாவுக்கு வாயில் பதில் இருந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் பெரிய மனிதரோடு கொழுவுவானேன் என்று நினைத்துக் கம்பியைக் கழற்றினாள். அவர் உடனே தொலைபேசிக்காரர்களுக்கு அழைத்து, பழைய இணைப்பை மூடச் சொன்னார். அவர்கள் எப்போதடா மூடலாம் என்று வருசக்கணக்காகக் காத்திருந்தவர்கள். ரிசீவரை வைக்கமுதல் மூடிவிட்டார்கள். அருளம்பலத்தார் புது ரவுட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரமும் காட்டினார்.

ரவுட்டரில் விளக்குகள் பச்சையாக எரிந்தன. கொழும்பு ரவுட்டரும் யாழ்ப்பாண ரவுட்டரும் ஒன்றையொன்று கண்டு பேசின. ஆனால் திரை வெறுமையாகவே இருந்தது. முகூர்த்தம் பார்த்துக் கழற்றத் தெரிந்தவர்களுக்கு, வேலைசெய்கிறதா என்று பார்த்துக் கொழுவத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளூர்க் கொழும்புத்துறைச் சீவரத்தினம் படியேறி வந்தார். தோளில் துவாய், காலில் செருப்பில்லை. வாசலிலேயே நின்றார்.

"விடியப்புறம் என்ரை மனுசி செத்துப் போட்டா. நாகேஸ்வரி. மகனை இறக்கித் தாங்கோ."

மகன் லக்சன், ஒரேயொரு பிள்ளை. அவன் வேலைசெய்யும் கப்பல் எண்ணெய் எடுக்கக் கொழும்புக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. மூன்று மணிக்குப் புறப்படும். அதற்குப் பிறகு தென்னாபிரிக்காவின் டேர்பன் வரைக்கும் கரை இல்லை.

"அவனுக்குச் செய்தி சொல்லியாச்சு. கட்டளை வந்தா இறக்கிவிடுறன் எண்டு கப்டன் சொல்லுறாராம். கரைக்குக் கொண்டாற லோஞ்சுக்காரனும் ஓமெண்டிட்டான். இறங்கினானெண்டா இரவு பஸ் எடுத்து நாளைக்கு விடிய வந்திடுவான்."

"நாளைக்குச் சனியெல்லோ?" என்று அருளம்பலத்தார் இழுத்தார். "சனிப்பிணம் தனிப்போகாது எண்டு சொல்லுவினம்..."

"சனியோ ஞாயிறோ, சனம் கதைக்கிறதைக் கதைக்கட்டும். தாய்க்குக் கொள்ளி வைக்க அவன் வரவேணும்."

சாருஜா உடனே பழைய இணைப்பை மூடிய தொலைபேசிக்காரர்களுக்கு அழைத்தாள். திறக்கிறதென்றால் திங்கட்கிழமை விண்ணப்பியுங்கள் என்றார்கள். கஜானனுக்கு அழைத்தாள்.

"கஜானன் அண்ணை, அங்கையிருந்து நீங்களே அந்தக் கட்டளையை அடிக்கேலாதோ?"

"ஏலாது சாருஜா. யாழ்ப்பாணப் பொடியளின்ரை விபரம் யாழ்ப்பாணக் கிளைத் திரையிலை மட்டும்தான் திறக்கும். எந்தக் காலத்திலையோ ஆரோ அப்பிடி எழுதி வைச்சிட்டாங்கள். அதைத் திருத்தத் தெரிஞ்சவை ஒருத்தரும் இப்ப உயிரோடை இல்லை."

"கப்டனுக்கு ஒரு ஈமெயில்?"

"பெரியவையிட்டைக் கேட்டிட்டன். சிஸ்டத்திலை வராத ஆளை இறக்கமாட்டினமாம்."

இதற்கு மேல் என்ன செய்வது? செய்யக்கூடியது எல்லாவற்றையும் செய்தாள். ரவுட்டரை நிறுத்தி மறுபடி போட்டாள். கம்பிகளை மாற்றினாள். எழுதிய வரிகளையெல்லாம் அழித்து, முதலிலிருந்து எழுதினாள். ரவுட்டர் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலையே சொன்னது: நீ கேட்கிற விலாசத்தில் கொழும்பில் ஒருவரும் இல்லை. கஜானனோ தன் பக்கம் எல்லாம் சரி என்று சத்தியம் பண்ணாத குறை. கல்லில் நார் உரிக்கிற வேலையாய்ப் போயிற்று.

சீவரத்தினம் கதிரையின் நுனியில் இருந்து அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து அழைப்பு வந்தபடியே இருந்தது. "பொறுங்கோ, இந்தா வந்திடும்," என்று அவர் ஒவ்வொருவருக்கும் சொன்னார். அவர் அப்படி நம்பிக்கையாகச் சொல்லும்போதெல்லாம் சாருஜாவுக்கு எழும்பி ஓடவேண்டும் போலிருந்தது. ஐயோ, ஏசினாலாவது பரவாயில்லையே. ஒரு தேத்தண்ணி வந்து அவருக்குப் பக்கத்தில் ஆறி ஆடை படர்ந்தது.

இரண்டு மணி தாண்டிவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரவுட்டர் இந்தப் பக்கத்தில் எந்தெந்த விலாசத்தைக் கண்டிருக்கிறது என்று பார்த்தாள். ஒரேயொரு விலாசம். திரையை மாட்டியிருந்த பெட்டியுடையது. ரவுட்டரில் அது 02 என்று தொடங்கியது. பெட்டியில் ஒட்டியிருந்த துண்டில் 40 என்று தொடங்கியது.

"அட கறுமமே!" என்று கத்தியேவிட்டாள்.

படித்த பாடம்தான். கொழும்பு மெயின்பிரேம் இன்னும் டோக்கன் ரிங் என்கிற பழைய வளைய வலையில் இருக்கிறது. இங்கேயோ அந்த வலைக்குரிய அட்டை பழுதாகி, அதற்குப் பதிலாக ஈதர்நெட் என்கிற வேறு வலைக்குரிய பெட்டி வைத்திருந்தார்கள். விலாசத்தின் ஒவ்வொரு சோடி எழுத்தையும் சைபரும் ஒன்றுமாக விரித்தால், வளைய வலை ஒரு முனையிலிருந்து வாசிக்கும், ஈதர்நெட் மறுமுனையிலிருந்து வாசிக்கும். அங்கே 40 என்பது இங்கே 02. அவள் கொழும்பிலிருந்து வந்த மெயின்பிரேமின் விலாசத்தை அப்படியே பெட்டியில் அடித்திருந்தாள். ரவுட்டர் நேர்மையாக அதைத் திருப்பி, உலகத்தில் இல்லாத ஓர் இயந்திரத்தைக் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தது. பழைய கம்பியை விட்டுவைத்துச் சோதித்திருந்தால் இது ஆறுதலாகக் கண்டுபிடித்துத் திருத்துகிற பிழை.

கையில் கிடைத்த பேப்பரில் ஒவ்வொரு சோடியாக விரித்து, பின்னாலிருந்து எழுதினாள். 40 போய் 02. 37 போய் EC. 45 போய் A2. அவசரத்தில் ஒன்றைப் பிழையாக எழுதி, வெட்டி, மறுபடி எழுதினாள். பெட்டியில் அடித்தாள். பெட்டி பழசு, நிறுத்தி மறுபடி போட்டால்தான் கேட்கும். அது எழும்புகிற நேரத்தில் ஒரு பானைச் சோறே வெந்துவிடும்.

"பிள்ளையாரப்பா, பிள்ளையாரப்பா," என்று அருளம்பலத்தார் முணுமுணுத்தார். அவர் நேரத்தைப் பார்க்கவில்லை; பார்க்கப் பயந்தார்.

திரையில் பச்சையெழுத்து வந்தது.

"சேர், அடியுங்கோ!"

அருளம்பலத்தார் தன் கடவுச்சொல்லை இரண்டு முறை பிழையாக அடித்தார், மூன்றாம் முறை உள்ளே போனார். லக்சனின் பெயர் வந்தது. கட்டளையை அடித்தார். சீவரத்தினம் லக்சன், கப்பலிலிருந்து இறங்கினார் என்று திரை காட்டியது.

சீவரத்தினம் கதிரையை விட்டு எழும்பி வந்து குனிந்து பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முகம் இளகிற்று.

"இறங்கீட்டானோ பிள்ளை?"

சாருஜாவின் போன் அடித்தது. கஜானன்.

"கட்டளை வந்திட்டுது சாருஜா. ஆனா கப்பல் வெளிக்கிட்டிட்டுது. இப்பத்தான் நங்கூரம் தூக்கினவை. நான் கப்டனோடை கதைச்சனான், மண்டாடிப் பாத்தனான், இனி நிப்பாட்டேலாதாம். பொடியன் பையும் தோளுமா ஏணியடியிலை நிண்டவனாம். ஏணியை இழுக்கிற மட்டும் நிண்டவனாம்."

அவள் போனை வைத்தாள். பொய் சொல்ல ஒரு கணம் மனம் உன்னியது உண்மை.

"இல்லை ஐயா," என்றாள். "கப்பல் போட்டுது. நான் பிந்தீட்டன் ஐயா. நான்தான் பிந்தீட்டன்." விம்மி அழுதாள்.

அருளம்பலத்தார் எதையோ சொல்ல வாயெடுத்தார். "நான்..." என்றார்.

சீவரத்தினம் துவாயை உதறித் தோளில் போட்டார். வீட்டுக்கு அழைத்து, "அவன் வரமாட்டான். சனி வேண்டாம், இண்டைக்கே எடுப்பம். கொள்ளி நான் வைக்கிறன்," என்றார். படிவரைக்கும் போனவர், நின்று திரும்பி வந்தார்.

"பிள்ளை, உதிலை அவன் இறங்கினதெண்டெல்லோ கிடக்கு?"

"ஓம் ஐயா."

"நானும் இளமை முழுக்கக் கப்பலிலை கிடந்தவன். கப்பல் பட்டியலிலை பேரில்லாத ஆளைக் கடல் கொண்டுபோனா ஒருத்தரும் தேடமாட்டினம். தாயும் போட்டா, எனக்கு இனி அவன் ஒருத்தன்தான். அவனைத் திருப்பிக் கப்பலிலை ஏத்திவிடுங்கோ. அதைப் பாத்திட்டுத்தான் போவன்."

சாருஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு தானே விசைப்பலகையை இழுத்தெடுத்தாள். லக்சனின் பெயரைத் திறந்து, ஏறினார் என்று அடித்தாள். இம்முறை ஒரு தடங்கலும் இல்லை. விரலை எடுக்கமுதல் கொழும்பு ஏற்றுக்கொண்டுவிட்டது.