திரையில் அசையாத கறி

உயிருள்ள கறி திரையில் சும்மா இருக்காது. காளை மூச்சு விடும்போதெல்லாம் பன்னிரண்டாம் விலாவுக்கும் பதின்மூன்றாம் விலாவுக்கும் நடுவே அந்தச் சாம்பல் நிறத் தசை மெல்லத் துடிக்கும். அந்தத் துடிப்போடு மல்லுக்கட்டித்தான் படம் பிடிக்க வேண்டும். அறுக்காமலே உள்ளே எவ்வளவு கறி, எவ்வளவு கொழுப்பு என்று சொல்வதுதான் நெப்ராஸ்கா மாநிலத்து மணல்மேட்டுப் பண்ணைகளில் பதினாறு வருஷமாக என் பிழைப்பு.

நேற்று லைல் குசேராவின் பண்ணையில் இளங்காளைகளை ஸ்கேன் செய்யத் தொடங்கினேன். நாற்பத்தோராம் காளை, அசையாமல் நிறுத்திப் பிடிக்கும் இரும்புக் கூண்டுக்குள் வந்தது. முடியை மழித்து, சூடேற்றிய எண்ணெயை ஊற்றி, கருவியை வைத்தேன். படம் அசையவே இல்லை. காளையோ புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டு, என் பூட்ஸ் மேல் சாணி போட்டது. சனியன் பிடித்த மெஷின் என்று திட்டி வயரை மாற்றினேன். அடுத்த காளைக்குப் படம் ஒழுங்காகத் துடித்தது.

இன்று காலை அந்த நாற்பத்தொன்று தண்ணீர்த் தொட்டியருகே விறைத்துக் கிடந்தது. காயம் இல்லை, வயிற்று உப்பலும் இல்லை.

"கொழுப்பை அளக்கச் சொன்னா ஆயுசை அளந்துட்டியா மார்லிஸ்?" என்று லைல் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து மணிக்கு எழுபதாம் காளை. மறுபடியும் படம் அப்படியே நின்றது.

"இதை வெளிய விடாதீங்க லைல்! மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்க!"

"குத்துக்கல்லாட்டம் நிக்குது, போம்மா." கதவைத் திறந்துவிட்டார். அது நாலடி நடந்து முன்னங்காலை மடக்கியது. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு காளைக்கும் லைல் என் தோளுக்கு மேலே திரையை எட்டிப் பார்த்தார்.

கடைசிக் காளை போனதும் பண்ணைக்காரருக்கே ஸ்கேன் எடுத்துக் கேலி செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. அவர் மனைவி வெர்னா சுடச்சுடக் கறியும் பீன்ஸும் போட்ட காரக் குழம்பும் இலவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரொட்டியும் கொட்டகைக்கே கொண்டு வந்துவிட்டாள்.

"இன்னிக்கு வேண்டாம் வெர்னா," என்றேன்.

"ஏன்? இந்த மனுஷன் முதுகுல எத்தனை அங்குலம் கொழுப்புன்னு நான் தெரிஞ்சுக்க வேணாமா?"

லைல் சட்டையைத் தூக்கினார். முகம் வெளுத்திருந்தது. "வெச்சுப் பாரு," என்றார் என் காதருகே. "பாக்காமப் போனா நான் எப்படித் தூங்குவேன்?"

எண்ணெய் தடவிக் கருவியை வைத்தேன். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அடேங்கப்பா! அத்தனையும் வெண்ணெய்!" என்றாள் வெர்னா.

கண்ணைத் திறந்தேன். படம் துடித்துக்கொண்டிருந்தது. "துடிக்குது லைல்! நல்லாத் துடிக்குது!" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போன உயிர் திரும்பிய சந்தோஷத்தில் அவர் கருவியைப் பிடுங்கினார். "ஊரார் கொழுப்பையே பாத்துட்டுத் திரியிறியே, இப்ப உன்னுதைக் காட்டு!"

நானே சிரித்துக்கொண்டு கோட்டுப் பட்டனைக் கழற்றிச் சட்டையைத் தூக்கினேன். கருவி விலாவில் பட்டது. திரையைப் பார்த்தேன்.

ஆழமாக மூச்சை இழுத்தேன். விட்டேன். மறுபடி இழுத்தேன். லைல் இடம் மாற்றி மாற்றி அழுத்தினார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

வெர்னாவின் காதில் அந்த இரண்டு காளைகளைப் பற்றிச் சொன்னார். வெர்னா தன் சமையல் அங்கியால் என் விலாவில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்து, சட்டையை இழுத்துவிட்டு, கோட்டுப் பட்டனை ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"தனியா வண்டி ஓட்டிட்டுப் போகாதே கண்ணு," என்றாள். "எங்ககூடவே இரு."