முதலில் சுண்டுவிரல்

காத்திருப்பு அறை நாற்காலியில் டீச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து ஜன்னல் வரை போனாள். திரும்பி வந்து கைப்பையைத் திறந்தாள், எதையும் எடுக்காமல் மூடினாள். மறுபடி எழுந்தாள்.

"கொஞ்சம் உட்காரு தாயே, எனக்குத் தலை சுத்துது," என்றான் கணவன். "பாராட்டத்தான் கூப்பிட்டிருக்காங்க. தூக்குல போடவா கூப்பிட்டாங்க?"

மழலையர் பள்ளிகளுக்குப் புது விதிகள் எழுதும் குழு உள்ளே கூடியிருந்தது. வாசல் விதி அவற்றில் ஒன்று. முதல் நாளே பெற்றோர் வாசலோடு திரும்பிவிட வேண்டும், உள்ளே வரக்கூடாது. அப்பிக்கொண்டு அழும் பிள்ளைகளைப் பிரித்தெடுப்பதில் டீச்சரை மிஞ்ச ஆளில்லை. முதலில் சுண்டுவிரல். அது விட்டால் மற்றவை தானாக இளகும். பிறகு ஒரே சுற்று. பிள்ளையின் முகம் இவள் தோளில், அம்மா தெருவில். இந்த வித்தையை எல்லாப் பள்ளிகளுக்கும் கற்றுத்தர அவளைப் பயிற்சியாளராக்க நினைத்திருந்தார்கள். வேலை இதே நகரத்தில்.

கணவன் இங்கே பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவள் இரவெல்லாம் ரயிலில் போக வேண்டிய ஒரு சின்ன ஊரில், மகளோடு. கல்யாணமான நாள் முதல் இருவரும் முழுசாக ஒரு மாதம் ஒரே வீட்டில் இருந்ததில்லை. மகள் அவனை 'போன் அப்பா' என்றுதான் சொல்வாள். அவன் நேரில் வந்தால் முதலில் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

"நமக்குப் பார்த்திருக்கிற வீடு மாடியில. ஆனா சமையலறையில ரெண்டு பேர் தாராளமா நிக்கலாம்."

"ரெண்டு பேர் எதுக்கு?"

"நீ சமைக்கிறப்ப குறை சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?"

அவள் பாதிதான் சிரித்தாள். அவனிடம் ஒன்றை இன்னும் சொல்லவில்லை.

வகுப்பில் பட்டாணி என்று ஒரு குழந்தை. உருண்டையான முகத்துக்காக எல்லோரும் வைத்த பெயர். சேர்ந்த புதிதில் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதவள். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த காலையில், டீச்சர் வாசலுக்கு வருவதைப் பார்த்ததும் அம்மாவின் கையைப் பிடித்திருந்த தன் விரல்களைத் தானே பிரித்தாள். முதலில் சுண்டுவிரல். பிறகு ஒவ்வொன்றாக. பிரித்துவிட்டு இரண்டு கைகளையும் டீச்சரிடம் நீட்டினாள். அழவில்லை.

"எவ்வளவு சமத்து பாருங்க!" என்று பூரித்துப்போனாள் அம்மா. டீச்சர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவை இன்னும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

"நான் வேற பேசப் போறேங்க," என்றாள் இப்போது. "அந்த விதியே வேண்டாம்னு. முதல் வாரம் அம்மாவோ அப்பாவோ பிள்ளைகூட உள்ள உட்காரணும்னு."

அவன் சிரிப்பு மெல்ல அடங்கியது. "போன்ல சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வீடு பார்க்கிறதை நிறுத்தியிருப்பீங்க."

"நிறுத்தத்தானே வேணும்?"

"நீங்க நிறுத்தறதைக் கேட்க எனக்குத் தைரியமில்ல."

அவன் பதில் சொல்வதற்குள் கதவு திறந்து அவளைக் கூப்பிட்டார்கள்.

"வாங்க, எங்க நட்சத்திரமே!" என்றார் குழுத் தலைவி. பக்கத்தில் கண்ணாடிக்காரர் ஒருவர் குனிந்து எதையோ புரட்டியபடியே, "மூணே நாள்ல அழுகை நின்னுடுதாமே?" என்றார்.

"நிக்குது சார்." டீச்சர் பட்டாணியைப் பற்றிச் சொன்னாள். தானே பிரித்த சுண்டுவிரல் முதல் நீட்டிய கைகள் வரை.

"பழகிட்டா. நல்லதுதானே?"

"எதுக்குப் பழகினா சார்? பள்ளிக்கூடத்துக்கு இல்ல. அழுது பிரயோஜனம் இல்லைங்கிறதுக்கு."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். "அதுக்காக முப்பது பிள்ளை, முப்பது பெத்தவங்களா? வகுப்பா, சந்தையா?"

"எல்லாரையும் ஒரே நாள்ல சேர்க்க வேண்டாம் சார். இன்னைக்கு அஞ்சாறு பேர், அவங்க தேறினதும் அடுத்த அஞ்சாறு."

"வேலைக்குப் போறவங்க என்ன செய்வாங்க?"

இந்த இடத்தில் அவள் தடுமாறினாள். ரயிலில் வரும்போதும் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டிருந்தாள். "தெரியல சார். அவங்களுக்கு லீவு கிடைக்கிற மாதிரி எழுத வேண்டியவங்க நீங்கதான்."

தலைவி பேனாவை மூடினார். "இந்த விதி போனா உங்களுக்குன்னு நினைச்ச வேலையும் போயிடும். யோசிச்சுதான் பேசறீங்களா?"

"யோசிச்சா பேச மாட்டேன்னுதான் பயந்துட்டிருந்தேன் மேடம்."

அவர்கள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். கடைசியில் தலைவி சொன்னார்: வாசல் விதியை ஒரு வருடம் நிறுத்திவைப்பது, டீச்சர் சொன்ன முறையை ஒரே ஒரு பள்ளியில் நடத்திப் பார்ப்பது. அவளுடைய பள்ளியில். அவளே இருந்து நடத்த வேண்டும்.

வெளியே வந்து கணவனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் விறுவிறுவென்று படியிறங்கினான். அவள் பின்னாலேயே ஓடினாள். பேருந்து நிறுத்தம் வரை அவன் திரும்பவில்லை.

"கோபமா?"

"இல்லைன்னு பொய் சொல்லவா? இன்னும் ஒரு வருஷம் நான் போன்ல அப்பாவா இருக்கணும்." சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பேருந்து வந்தது, ஏறவில்லை. "நம்ம வாலுப்பொண்ணும் இந்த வருஷம்தானே உன் பள்ளிக்கூடத்துல சேரணும்?"

"ம்."

"நீ டீச்சர். நீ உட்கார்ந்தா கணக்குல வராது."

"வராது."

அவன் போனை எடுத்துப் பணிமனை மேலாளரை அழைத்தான். "சார், பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் முழுக்க லீவு வேணும்... கல்யாணமெல்லாம் இல்ல சார், பள்ளிக்கூடம் போகணும்... பொண்ணு மட்டும் இல்ல சார், நானும்தான்."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது அவளுக்கே கேட்டது. அவன் முகம் சிவந்தது. "இல்ல சார், விளையாட்டுக்குச் சொல்லல... அம்மா பார்த்துக்கக் கூடாதான்னா... சார், ஒரு வாரம்தான்..."

டீச்சர் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"வணக்கம் சார். அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் பேசறேன்," என்றாள். "ரெண்டு நிமிஷம் கேளுங்க. அப்புறம் சிரிங்க."